புல் விதை தூவிய பிறகு தண்ணீர் எப்போது? மணல் வளவுக்கான எளிய விளக்கம்

புல் விதை தூவியவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் விட வேணும்? பக்கற்றின் பின்பக்கத்தில் காலையும் மாலையும் என்று அச்சடித்திருக்கும். குளிர் நாட்டில், ஈரம் பிடிக்கும் கரிய மண்ணில், அது போதும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில், கல்லடியிலோ ஆரையம்பதியிலோ திருக்கோவிலிலோ, ஆனி ஆடியில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும்போது, காலை ஏழு மணிக்கு விட்ட தண்ணீர் பத்து மணிக்கு மேல்மண்ணில் இராது. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் மறுபடி பூவாளியோடு வரும்போது விதை ஆறேழு மணித்தியாலம் சுடுமணலில் கிடந்திருக்கும்.

அதனால் மணிக்கூட்டை விட்டுவிட்டு மேல்மண்ணைப் பார்க்கப் பழகுங்கள். விதை முளைத்து முடியும் வரை, மேலே உள்ள ஒரு சென்டிமீற்றர் மண் வெளிறக் கூடாது. எத்தனை தரம், எவ்வளவு என்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

விதைக்குள் நடப்பது

காய்ந்த விதைக்கு அவசரம் எதுவும் இல்லை. பக்கற்றுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். ஈரம் பட்டதும் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. இந்த முதல் ஒன்றிரண்டு நாளில் ஒரு தரம் காய்ந்து போனாலும் பெரும்பாலான விதை தாங்கிக்கொள்ளும். திரும்ப ஈரம் கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பிறகு உறை பிளந்து வேர் முனை வெளியே வருகிறது. அது வந்த பிறகு விதைக்குப் பழைய தூக்கத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. அன்றைக்குக் காய்ந்தால் அதோடு முடிந்தது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். விதைத்து ஐந்தாறு நாளில் ஓர் ஈர்க்கை எடுத்து, மேல்மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லாத விதை, அதன் ஒரு முனையில் நூலைவிட மெல்லிய வெள்ளை வேர், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து மணற்குருணி. அந்தக் குருணிகளைச் சுற்றியிருக்கும் ஈரம்தான் அதற்குக் கிடைக்கும் முழுத் தண்ணீரும். கீழே அரை அடியில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அந்த வேர் இன்னும் அங்கே எட்டவில்லை. அதே வேர் பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தால், இடையில் ஒரு மத்தியானம் யாரோ தண்ணீர் விட மறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

மேலே ஒன்றும் தெரியாத இந்த நாட்களில்தான் ஆட்கள் அசந்துபோகிறார்கள். முதல் மூன்று நாள் ஆசையோடு ஊற்றுவார்கள். பச்சை எதுவும் காணவில்லை என்றதும் நாலாம், ஐந்தாம் நாள் கை தளரும். விதைக்கு மிக ஆபத்தான நாட்கள் அவைதான்.

எந்த விதை, எத்தனை நாள்

நம் வெயிலுக்குத் தாங்குவது பெர்முடா என்ற பெயரில் விற்கப்படும் விதை. அது நம் அறுகு இனமேதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்லிலிருந்து தெரிவுசெய்து எடுத்த வகைகள். உமி நீக்கிய விதை 7 முதல் 14 நாளில் முளைக்கும், உமியோடு இருப்பது மூன்று வாரம்வரை எடுக்கும். சொய்சியா புல்லுக்கு இரண்டு மூன்று வாரம். ரை, ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் என்று எழுதிய பக்கற்றை வாங்காதீர்கள். அவை குளிர் நாட்டுப் புற்கள். ரை ஒரு வாரத்திலேயே அழகாகப் பச்சைகட்டும், பார்க்கிறவர் மனம் நிறையும், பிறகு சித்திரை வெயிலில் வெந்து போகும். எவ்வளவு தண்ணீர் விட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

ஒரே பக்கற்று விதை எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. ஏழாம் நாள் முதல் பச்சை தெரிந்தால், மீதி விதை இன்னும் ஒரு வாரம் எடுத்து மெதுவாக வரும். பச்சை கண்டதும் தண்ணீரைக் குறைப்பவர்களின் வளவில் திட்டுத்திட்டாகப் புல் வருவதற்கு இதுதான் முதல் காரணம். பிந்தி வரும் பாதி விதையை அவர்களே காயவிட்டிருப்பார்கள்.

மணலும் வெயிலும்: ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டால் அது ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சமம். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மீதி எல்லாம் எளிது.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் கடற்கரை மணலில், மேல் ஒரு சென்டிமீற்றர் மண் செடிக்குப் பயன்படும் தண்ணீராகப் பிடித்துவைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர், பல இடங்களில் அதுவும் இல்லை. கச்சான் நாளில் ஈரத் தரையிலிருந்து ஆவியாகிப் போவது 5 முதல் 7 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி காலை பத்து மணிக்கும் பிற்பகல் நாலு மணிக்கும் இடையில் போகிறது. சேமிப்பு ஒன்று, செலவு ஆறு. ஒரே தரத்தில் ஆறு லீற்றரையும் ஊற்றினால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீதியை மணல் கீழே விட்டுவிடும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, பல தரம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை போன்ற இடங்களில் வயலை ஒட்டிய களி கலந்த மண்ணும், சம்மாந்துறையின் வயல் மண்ணும் இதைப் போல இரு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். அங்கே இரண்டு அல்லது மூன்று தரம் போதும். ஆனால் அந்த மண்ணுக்கு வேறொரு குணம் உண்டு: கனத்த துளி விழுந்தால் மேலே பொருக்குக் கட்டும், காய்ந்ததும் இறுகும், முளை அதைத் தள்ளிக்கொண்டு வர முடியாமல் கீழேயே மடங்கிவிடும். மணலில் காய்ச்சல் எதிரி, களியில் பொருக்கு எதிரி.

விதைக்கு முன்னே விடும் தண்ணீர்

கவனிக்காமல் விடப்படுவது இதுதான். காய்ந்த மணலில் விதையைத் தூவி மேலே தெளித்தால், கீழே உள்ள காய்ந்த மண் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். விதைப்பதற்கு முதல் நாள் மாலையே சதுர மீற்றருக்குப் பத்து லீற்றர் விட்டு, பத்துச் சென்டிமீற்றர் ஆழம்வரை நனைத்து வையுங்கள். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றர். ஆகவே பேர்ச்சுக்கு 250 லீற்றர். கீழே ஈரம் இருந்தால் அது மெல்ல மேலே ஏறி, பகலில் மேல்மண் காய்வதைத் தாமதமாக்கும்.

தென்னை, மா மரங்களின் கீழ் சருகு மக்கிய மணல் சில நேரம் தண்ணீரை ஏற்காது. ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும், கிளறிப் பார்த்தால் ஒரு விரல் ஆழத்தில் தூசியாகக் காய்ந்திருக்கும். அப்படியானால் கொஞ்சம் விட்டு, முள்வாரியால் கிளறி, கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி விட வேண்டும். மூன்று நாலு சுற்றில் மணல் வழிக்கு வரும். சதுர மீற்றருக்கு ஐந்து கிலோவளவு நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது சேதனப் பசளையை மேல் பத்துச் சென்டிமீற்றரில் கலந்துவிட்டால் மணலின் பிடிப்பே மாறும். முளைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு சுற்றுத் தண்ணீரை அது மிச்சப்படுத்தும். பச்சை எருவைப் போடாதீர்கள். அதன் சூடும் உப்பும் முளையைக் கருக்கும்.

விதைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சதுர மீற்றருக்கு 7, 8 கிராம், பேர்ச்சுக்கு ஏறக்குறைய 200 கிராம். ஒரு கிராமில் ஏறக்குறைய நாலாயிரம் விதை இருப்பதால் கையால் அப்படியே தூவினால் சீராக விழாது. நாலைந்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை வடக்குத் தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். ஈர்க்கு விளக்குமாற்றின் நுனியால் மேலோட்டமாக இழுத்துவிட்டால் போதும். ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே போன விதை மேலே வரச் சிரமப்படும். பிறகு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து அழுத்துங்கள். விதையும் மண்ணும் ஒட்டியிருந்தால்தான் மண்ணின் ஈரம் விதைக்குள் போகும். அழுத்தாமல் விட்ட விதை காற்றிடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும், அதற்கு எத்தனை தரம் தெளித்தும் பயன் குறைவு.

மேலே மெல்லிய மூடாக்கு கட்டாயம் வேண்டும். அரித்த சேதனப் பசளை அல்லது கழுவிய தென்னந்தும்புத் தூள், மூன்று மில்லிமீற்றர் கனத்தில். கழுவாத தும்புத்தூளில் உப்பு இருக்கும். வைக்கோல் போடுவதானால், மேலே இருந்து பார்க்கும்போது பாதி மண் தெரியும் அளவுக்கு மட்டும் போடுங்கள். வயலிலிருந்து வந்த வைக்கோலில் உதிராத நெல்லும் களை விதையும் ஒட்டியிருக்கும், ஆகவே நன்றாக உதறிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் புல்லுக்கு முன்னால் நெல் முளைத்து நிற்கும். மூடாக்கு உள்ள தரைக்கு நாலு தரம் என்றால், இல்லாத தரைக்கு ஆறு தரம் வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரம்

கச்சான் காலத்தில், மூடாக்கு இட்ட மணல் தரைக்கு: காலை ஆறரை ஏழுக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, மூன்றரை நாலுக்கு ஒன்று. ஒவ்வொரு தரமும் சதுர மீற்றருக்கு ஒன்று முதல் ஒன்றேகால் லீற்றர். பேர்ச்சுக்கு ஒரு சுற்றுக்கு 30 லீற்றர், அதாவது பத்து லீற்றர்ப் பூவாளியில் மூன்று. நாளைக்கு 120 லீற்றர். ஒரு வேலைக்குப் போகும் குடும்பத்தால் ஐந்து பேர்ச்சுக்கு இப்படி ஊற்ற முடியாது. வளவு முழுவதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டியதில்லை. இரண்டு பேர்ச் விதைத்து, அது பிடித்த பிறகு அடுத்த இரண்டைத் தொடங்குவதே நல்லது. பத்து மணியும் ஒரு மணியும் வீட்டில் ஆள் இல்லாத நேரம் என்றால், அந்த இரண்டு சுற்றையும் யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் விதைக்கத் தொடங்காதீர்கள்.

மத்தியான வெயிலில் தண்ணீர் விட்டால் இலை கருகும் என்று சொல்லி ஒரு மணிச் சுற்றைத் தவிர்ப்பவர்கள் உண்டு. முளைக்கும் விதைக்கு இலையே இல்லை. அந்தச் சுற்று மண்ணைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வெயிலில் கிடந்த ஹோஸ் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதை முதலில் வேறு பக்கம் விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு தரைக்குப் பிடியுங்கள்.

மாலைச் சுற்றை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரவு முழுவதும் மேல்மண் சொதசொத என்று இருந்தால் பூஞ்சணம் பிடித்து, முளைகள் அடித்தண்டில் நூல்போல மெலிந்து சாயும். கச்சான் இரவில் இந்த ஆபத்துக் குறைவு. காற்றில்லாத, மப்பும் மந்தாரமுமான ஐப்பசி நாட்களில் அதிகம்.

எப்போது அடுத்த சுற்று என்பதை மண்ணின் நிறம் சொல்லும். ஈர மணல் கறுத்திருக்கும், காயக் காய வெளிறும். வேலியோரம், சுவரோரம், மேடான இடம் முதலில் வெளிறும். அந்த ஓரத்தையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீர் விடலாம், தரை முழுவதும் வெளிறும்வரை காத்திருக்கக் கூடாது. மூடாக்கு நிறத்தை மறைத்தால் விரல் நுனியை அழுத்திப் பாருங்கள். நாலைந்து மணற்குருணியாவது விரலில் ஒட்டி வந்தால் ஈரம் இருக்கிறது. உலர்ந்த விரல் சுத்தமாக வந்தால் பிந்திவிட்டீர்கள்.

தண்ணீர் விழும் விதம்

குழாய் வாயை விரலால் அடைத்துப் பீச்சுவது விதையைத் தோண்டி எடுக்கும். விதை மிதந்து போய்ப் பள்ளத்தில் சேரும்; ஒரு வாரம் கழித்துப் பள்ளத்தில் அடர்ந்த பச்சையும் மேட்டில் வெறும் மணலும் இருக்கும். பூவாளியின் பூவை மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தால் தண்ணீர் ஏறி வளைந்து மென்மையாக விழும். நடந்துகொண்டே வீசுங்கள், ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். தண்ணீர் மினுமினுத்துத் தேங்கத் தொடங்கினால் அந்த இடத்துக்கு இப்போதைக்குப் போதும்.

ஹோஸ் குழாயில் விடுபவர்கள் எவ்வளவு விடுகிறோம் என்று தெரியாமலே விடுகிறார்கள். பத்து லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லீற்றர்; ஒரு பேர்ச்சுக்கு இரண்டே நிமிடம். சுழலும் தெளிகருவி என்றால், நேர்ப்பக்கமுள்ள வெற்றுப் பால்பேணி நாலைந்தைத் தரையில் அங்கங்கே வைத்து, கால் மணித்தியாலம் ஓடவிட்டு, சேர்ந்த தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒரு பேணியில் மூன்று மில்லிமீற்றரும் இன்னொன்றில் ஒன்றும் இருந்தால் கருவியை இடம் மாற்ற வேண்டும்.

அதே பேணி மழை நாளுக்கும் உதவும். இரவில் ஐந்து மில்லிமீற்றர் பெய்திருந்தால் காலைச் சுற்றைத் தவிர்க்கலாம். ஆனால் பத்து மணிக்கு வந்து மண்ணைப் பாருங்கள். நேற்று மழை பெய்ததே என்று அன்று முழுவதும் இருந்துவிடக் கூடாது. மேல் ஒரு சென்டிமீற்றர் மணலுக்கு நேற்றைய மழை இன்று மத்தியானத்தில் பழங்கதை.

முளைத்த பிறகு மாற்றும் முறை

தரை முழுவதும் சீராகப் பச்சை கண்டு, புல் இரண்டு சென்டிமீற்றர் உயர்ந்ததும் (பெரும்பாலும் பதினைந்தாம் நாளளவில்) முறையை மாற்ற வேண்டும். இனி அடிக்கடி மேலே மட்டும் நனைத்துக்கொண்டிருந்தால் வேர் மேலேயே படரும். கீழே போகக் காரணம் இராது. சுற்றைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். மூன்றாம் வாரம் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, தரத்துக்கு மூன்று லீற்றர். நாலாம் வாரம் காலை மட்டும் ஆறு லீற்றர். ஐந்தாம், ஆறாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து லீற்றர். எல்லாம் சதுர மீற்றர்க் கணக்கு. மத்தியானச் சுற்றை ஒரே நாளில் வெட்டிவிடாமல் இரண்டு மூன்று நாளில் அளவைக் குறைத்து நிறுத்துங்கள்.

களி மண்ணில் இதைவிட வேகமாக இடைவெளியைக் கூட்டலாம். அங்கே மேலே பச்சைப் பாசி படர்ந்தாலோ சிறு காளான் எழும்பினாலோ தண்ணீர் கூடிவிட்டது.

கிணற்றுத் தண்ணீரின் உப்பு

கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள கிணறுகளில் ஆவணி, புரட்டாதிக்குள் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். வளர்ந்த அறுகு கொஞ்சம் உவரைத் தாங்கும், முளை தாங்காது. அதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் விடும்போது தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில், சரியாக விதை இருக்கும் இடத்தில், சேர்ந்துகொண்டே போகும். மேலே வெள்ளைப் படலம் காண்பது அதுதான். தண்ணீர் நாவுக்கு உவர்த்தால் அந்தப் பருவத்தில் விதைக்காமல் இருப்பதே புத்தி. ஏற்கனவே விதைத்தாகிவிட்டால், மூன்று நாளைக்கு ஒரு தரம் காலைச் சுற்றில் எட்டுப் பத்து லீற்றரை மெதுவாக விட்டு உப்பைக் கீழே கழுவுங்கள். கிணற்றிலிருந்து மோட்டரால் தொடர்ந்து இறைத்தால் உவர் இன்னும் விரைவில் ஏறும்; விட்டு விட்டு இறையுங்கள்.

விதைக்க நல்ல மாதம்

இந்தச் சிரமத்தில் பாதி, மாதத்தைச் சரியாகத் தெரிந்தால் தானாகக் குறையும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை. கார்த்திகை, மார்கழியில் விதைத்தால் அடைமழை விதையை அள்ளிக்கொண்டு போகும், தாழ்ந்த வளவில் வெள்ளம் நிற்கும். மழை தணிந்த தை கடைசியும் மாசியும்தான் நல்ல காலம்: மண்ணின் அடியில் ஈரம், கிணறு நிறைய நல்ல தண்ணீர், கச்சான் இன்னும் தொடங்கவில்லை. அப்போது மணலில்கூட மூன்று சுற்றில் சமாளிக்கலாம். மாசியில் விதைத்த அறுகு, ஆனியில் கச்சான் வரும்போது வேரை ஆழமாக இறக்கியிருக்கும்.

ஒன்றும் முளைக்காவிட்டால்

பதினைந்து நாளாகியும் பச்சை இல்லையென்றால் மறுபடி விதைக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள். ஈர்க்கால் கிளறி விதையைத் தேடிப் பாருங்கள். விதையே இல்லையென்றால் எறும்போ புறாவோ கோழியோ கொண்டுபோயிருக்கும், அல்லது தண்ணீர் ஓரத்துக்கு அடித்திருக்கும். எறும்பு வரிசை காய்ந்த தரையில்தான் அதிகம். விதை முழுதாக, உறுதியாக இருந்தால் இன்னும் பொறுத்து ஈரத்தைத் தொடருங்கள். நசுக்கினால் கூழாகும் விதை அழுகிவிட்டது. பழுப்பு வேரோடு இருப்பது காய்ந்து செத்தது.

விதையிலேயே பழுதா என்று அறிய, மீதியில் ஐம்பது விதையை எண்ணி ஈரத் துணியில் பரப்பி ஒரு தட்டில் வைத்து, மேலே இன்னொரு ஈரத் துணியால் மூடி, வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் இரண்டு வாரம் காயாமல் வையுங்கள். முப்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் விதை நல்லது. இருபதுக்குக் கீழே என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இந்தச் சோதனையை விதைப்பதற்கு முன்னரே செய்துவிட்டால் இரண்டு வாரத் தண்ணீர் மிச்சம்.

வளர்ந்த புல்லுக்கு

புல் ஐந்தாறு சென்டிமீற்றர் ஆனதும் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். வெட்டும் நாளில் தரை ஈரமாக இருக்க வேண்டாம், வேர் பிடுங்கிக்கொண்டு வரும். அதன் பிறகு மணலில் மூன்று நாளைக்கு ஒரு தரம் 12 முதல் 15 லீற்றர், களி மண்ணில் ஐந்து நாளைக்கு ஒரு தரம் 20 முதல் 25 லீற்றர், அதிகாலையில். தேவையா என்று சந்தேகம் வந்தால் மாலையில் புல்லின்மேல் நடந்து திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் இருக்கிறது. காலடித் தடம் அப்படியே கிடந்து, இலை மடிந்து சாம்பல் பூத்த நிறம் காட்டினால் மறுநாள் விடியற்காலை விடுங்கள்.